ஐந்நூறு பேர் விருந்து: பந்தியா, பஃபேயா, இரண்டும் கலந்தா?

கல்யாணத் தேதி குறித்ததும் வீட்டில் முதலில் எழுதுவது மெனு. சந்தகை வேண்டுமா, ஒப்புட்டு வைக்கலாமா, பொரியல் இரண்டா மூன்றா என்று பட்டியல் நீளும். எப்படிப் பரிமாறுவது என்ற பேச்சு, மண்டபத்துக்கு முன்பணம் கட்டப் போகும்போதுதான் எழும். இந்த வரிசை தலைகீழ். வருகிறவர்கள் மொத்தமாக வருவார்களா, சிறுகச் சிறுக வருவார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். பரிமாறும் முறை அதிலிருந்து தெரியும். அந்த முறைக்குத் தாங்கும் பதார்த்தம் எது என்பது அடுத்தது. அடுப்பும் பாத்திரமும் கடைசியில். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்தில் 500 பேருக்கு விருந்து வைக்கும் ஒரு குடும்பத்தை மனதில் வைத்து இதைச் சொல்கிறோம்.

பந்தியும் பஃபேயும் வந்த வழி

18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் பெரிய மனிதர் வீட்டு விருந்தென்றால் எல்லாப் பதார்த்தங்களையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். பார்க்க அழகு. கைக்கு எட்டியதைத்தான் சாப்பிட முடியும். வாய்க்கு வருவதற்குள் பாதி ஆறிப்போகும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் இருந்த ரஷ்யத் தூதர் குராக்கின், ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாகக் கொண்டுவந்து ஆளுக்கு ஆள் பரிமாறும் முறையைக் காட்டினார். சாப்பாடு சூடாக வந்தது, ஆனால் பரிமாற ஆட்கள் நிறைய வேண்டியிருந்தது. இன்றைய பெரிய ஓட்டல்களில் வரிசையாகத் தட்டு வந்து தட்டு போவது அந்த வழக்கம்தான்.

பஃபேயை உலகம் அறியச் செய்ததில் ஸ்வீடனுக்குப் பங்குண்டு. அந்த ஊர் ஸ்மோர்கஸ்போர்ட் 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்குப் பிறகு வெளிநாடுகளில் பரவலாகத் தெரியவந்தது. அந்த மேசையில் என்ன இருந்தது என்று கவனியுங்கள்: ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஊறுகாய் போட்ட மீன், ஆறிய இறைச்சி. இரண்டு மணி நேரம் கிடந்தாலும் கெடாது, சூடும் வேண்டாம். அதே மேசையில் சாம்பாரையும் ரசத்தையும் கொண்டுபோய் வைத்த பிறகுதான் அடியில் வெந்நீர்த் தட்டும் விளக்கும் தேவைப்பட்டன. நம் கல்யாண பஃபேயில் வரும் குறைகளில் பாதிக்கும் மேல் இங்கேதான் பிறக்கின்றன.

மொத்தமாகப் பரப்புவது, ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாகத் தருவது என்ற இரண்டு முறைகளையும் பந்தி ஒரே இலையில் சேர்த்து வைத்திருக்கிறது. இலையின் மேல் பாதியில் உப்பு, ஊறுகாய், பச்சடி, பொரியல், கூட்டு, இனிப்பு எல்லாம் மொத்தமாக வந்துவிடும். கீழ்ப் பாதியில் சோறு. அதற்குப் பருப்பு நெய், சாம்பார், ரசம், தயிர் என்று முறை வைத்துச் சூடாக வரும். சோழர் காலக் கல்வெட்டுகளில் கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது என்று அளவோடு எழுதியிருப்பதைப் பார்த்தால் இந்த எலும்புக்கூடு ஆயிரம் வருஷமாக அப்படியே நிற்பது தெரியும். காரத்துக்கு அன்று பெரும்பாலும் மிளகுதான். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் போர்ச்சுகீசியர் கடல்வழி கண்ட பிறகு வந்தவை.

வருகிறவர்களின் ஓட்டம்

காலை முகூர்த்தத்துக்கு வருபவர்கள் தாலி கட்டி முடிந்ததும் ஒரே மூச்சில் சாப்பாட்டு ஹாலுக்கு இறங்குவார்கள். கால் மணி நேரத்தில் 300 பேர் வாசலில் நிற்பார்கள். மாலை வரவேற்பு வேறு மாதிரி. ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரை வரை, மேடையேறிப் போட்டோ எடுத்து இறங்குபவர்கள் பத்துப் பதினைந்து பேராக வந்துகொண்டே இருப்பார்கள்.

பந்திக்கு மொத்தமாக ஆள் வர வேண்டும். 180 இலை போடக்கூடிய ஹாலில் ஒரு பந்தி உட்கார்ந்து எழ 25 நிமிடம், எடுத்துத் துடைத்து மறு இலை போட 8 முதல் 10 நிமிடம் ஆகும். மூன்று பந்தியில், ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்தில், 500 பேர் முடிந்துவிடும். அதே ஹாலில் வரவேற்புக்குப் பந்தி வைத்தால் 180 இடத்தில் 60 பேர் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் வந்தவருக்கு ரசம் ஊற்றும்போது அடுத்த வரிசையில் ஒருவர் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார். சப்ளையர்கள் நான்கு முறையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும். யாருக்கோ கூட்டு விட்டுப்போகும், யாருக்கோ சாம்பார் இரண்டு தடவை விழும். வரவேற்புப் பந்தியில் "சரியா கவனிக்கலைங்க" என்று வரும் வருத்தம் பெரும்பாலும் ஆட்களின் குற்றமாக இருக்காது.

பஃபேக்கு இதன் எதிர்ப்பக்கம். ஒரு வரிசையில் நிமிடத்துக்கு நாலு பேர் நகர்வார்கள், எட்டுப் பத்துப் பதார்த்தம் இருந்தால் அதற்கு மேல் போகாது. 300 பேர் ஒரே நேரத்தில் வந்தால் கடைசி ஆளுக்கு 75 நிமிடம். இரண்டு பக்கமும் எடுக்கும்படி மேசையை நடுவில் போட்டு, அப்படி இரண்டு மேசை வைத்தால் நான்கு வரிசை கிடைக்கும். 20 நிமிடத்துக்குள் முடியும். சுவரோரம் ஒரே மேசையை ஒட்டிப் போட்டுவிட்டு "பஃபே வேகமாகப் போகும்" என்று நம்புவது மண்டபங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. தட்டு எடுக்கும் இடமும் கை கழுவும் இடமும் ஒரே மூலையில் இருந்தாலும் கூட்டம் அங்கே முட்டிக்கொள்ளும்.

ஆட்கணக்கு: பந்திக்கு நூறு இலைக்கு 8 முதல் 10 சப்ளையர். பஃபேக்கு ஒரு மேசைக்கு 4 பேர் போதும். ஆனால் எச்சில் தட்டு எடுக்கவும் தண்ணீர் வைக்கவும் தனியாக 6 பேர் வேண்டும். இந்த ஆறு பேரைப் பேச்சில் விட்டுவிடுவார்கள்.

எது தாங்கும், எது தாங்காது

சந்தகையை எடுத்துக்கொள்வோம், கொங்குக் கல்யாணத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. புழுங்கல் அரிசியை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து நைசாக ஆட்டி, புளிக்கவிடாமல் உப்புப் போட்டு, இட்லித் தட்டில் வேகவைத்து, ஆவி பறக்கும்போதே நாழியில் போட்டுப் பிழிய வேண்டும். ஐந்து பத்து நிமிடம் ஆறினால் இட்லி இறுகிவிடும். பிழிகிறவர் முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினாலும் இழை துண்டு துண்டாக விழும். அதனால் வேகவைப்பவரும் பிழிபவரும் அடுத்தடுத்து நிற்க வேண்டும், இடையில் நடை இருக்கக்கூடாது. ஒரு கிலோ அரிசிக்கு மற்ற பலகாரங்களோடு பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிழிந்த பிறகு அது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. எலுமிச்சைச் சந்தகையும் புளிச் சந்தகையும் எண்ணெயும் புளிப்பும் சேர்ந்தவை; மூடி வைத்தால் பஃபேயில் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். வெறும் சந்தகையும் தேங்காய்ப்பாலும் நிற்காது. வெந்நீர்த் தட்டின் மேல் தேங்காய்ப்பாலை வைத்தால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். வெளியே வைத்தால் வெயில் நாளில் சீக்கிரம் புளிக்கும். தேங்காய்ப்பால் வேண்டுமென்றால் பந்தி வையுங்கள், அல்லது பஃபேயில் அரை மணிக்கு ஒரு முறை புதிதாகப் பிழிந்து சிறு பாத்திரத்தில் வைக்க ஓர் ஆளைப் போடுங்கள்.

ரசம் இன்னும் மோசம். நுரை கட்டியதும் இறக்க வேண்டிய பண்டம், பஃபேயில் விளக்கின் மேல் கொதித்துக்கொண்டே இருந்தால் வாசம் போய்ப் புளிப்பும் கசப்பும்தான் மிஞ்சும். பச்சைப்புளி ரசமாக வைத்தால் சூடே வேண்டாம், பஃபேக்கு அது பொருந்தும். கீரை, பீன்ஸ் பொரியல் நிறம் மாறும். அப்பளமும் வடையும் மூடிக்குள் வியர்த்து நமத்துப்போகும். ஒப்புட்டும் கச்சாயமும் இரண்டு முறைக்கும் நிற்கும். அரிசியும் பருப்பும் சாதம் நேரம் ஆக ஆகத் தண்ணீரை இழுத்து இறுகும். பந்திக்கு ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் என்றால், பஃபேக்கு மூன்றரை வைத்து, கையில் வெந்நீரும் நெய்யும் இருக்க வேண்டும்.

சூட்டில் வைக்கும் எதுவும் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. சோற்றில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. வடித்த சோற்றை 25 கிலோ அண்டாவில் குவித்து மூடிவிட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும், அந்த வித்து முளைக்க அதுதான் தோதான சூடு. அதனால் 500 பேருக்கான 45 முதல் 50 கிலோ அரிசியை ஒரே தடவையில் வடிக்காதீர்கள். முதல் பந்திக்கு 20 கிலோ, பிறகு 15, பிறகு மீதியை ஆள் பார்த்து என்று மூன்றாகப் பிரித்தால் சோறும் சூடாக இருக்கும், மிச்சமும் குறையும்.

மற்ற அளவுகள், மதியச் சாப்பாட்டுக்கு: துவரம்பருப்பு 12 முதல் 13 கிலோ, சாம்பார் 90 லிட்டர், ரசம் 55 லிட்டர், தயிர் 50 லிட்டர், ஒவ்வொரு பொரியலுக்கும் நறுக்கிய காய் 35 கிலோ. பஃபே என்றால் பொரியலிலும் இனிப்பிலும் பத்து முதல் பதினைந்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். மறுபடி வரிசையில் நிற்க வேண்டுமே என்று எல்லோரும் முதல் தடவையே குவித்து எடுப்பார்கள், கடைசிப் பாத்திரம் வரை மேசை நிறைந்தும் இருக்க வேண்டும். பந்தியில் வீணாவது கேட்காமல் ஊற்றுவதால். "இன்னுங் கொஞ்சம் உடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கரண்டியைச் சாய்க்காமல் நிற்கும் சப்ளையர் இருந்தால் இலையில் மிஞ்சுவது பெரிதும் குறையும். இதை மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம், சொன்னால் கேட்பார்கள்.

பருப்பு வேகாத புகாருக்கு ஒரு வார்த்தை. பல்லடம், காங்கேயம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் அதிகம்; அது பருப்பை இறுக்கிவிடும். இரண்டு மணி நேரம் கொதித்தாலும் நடுவில் நறுக்கென்று இருக்கும். சமையலுக்கு மட்டும் ஆற்றுத் தண்ணீரோ குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ லாரியில் இறக்குங்கள்.

விறகா, கேஸா

மண்டபத்துக்கு கேஸ்தான். வெட்டவெளியில், குலதெய்வக் கோயில் கெடா விருந்துக்கு விறகு. இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை, காரணம் கணக்கில் இருக்கிறது.

திறந்த அடுப்பில் விறகுச் சூட்டில் ஏழில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குள் போகும். கேஸ் அடுப்பில் பாதிக்கு மேல் போகும். இரண்டின் எரிசக்தியையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிலோ கேஸ் செய்யும் வேலைக்கு ஏறக்குறைய 11 கிலோ காய்ந்த விறகு வேண்டும். 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்று 200 கிலோ விறகுக்குச் சமம். 500 பேர் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரைச் சிலிண்டர் செலவாகும். இரண்டு வாங்கி, கையிருப்புக்கு ஒன்று வைத்தால் போதும். வீட்டுச் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தக்கூடாது.

கேஸில் வரும் சிக்கல் ஒன்றே ஒன்று, அதிகாலையில் வரும். ஒரே சிலிண்டரில் மூன்று பெரிய அடுப்பை மாட்டினால் உள்ளிருக்கும் திரவம் வேகமாக ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்ந்து, வெளியே பனி படிந்து, அழுத்தம் இறங்கித் தணல் சிறுத்துவிடும். பாதி கேஸ் உள்ளே இருக்கும்போதே "தீர்ந்துபோச்சு" என்பார்கள். இரண்டு சிலிண்டரை இணைத்து ஓட்டினால் இது வராது. படுக்கவைப்பதும் தீக்கு அருகில் நகர்த்துவதும் உயிருக்கு ஆபத்து.

விறகுப் பக்கம் வருவோம். 1790-களில் மியூனிக்கில் ஏழைகளுக்குக் கஞ்சி காய்ச்சிய ரம்ஃபோர்டு பிரபு, நெருப்பைச் சுற்றிச் சுவர் எழுப்பிப் பாத்திரத்தை உள்ளே இறக்கினாலே விறகுச் செலவு பாதிக்கும் கீழே போகும் என்று செய்து காட்டினார். நம்மூர்க் கோட்டை அடுப்பு அதில் பாதி வேலையைச் செய்கிறது: ஒன்றரை அடி அகலம், ஒன்றே கால் அடி ஆழத்தில் தோண்டி, இரண்டு பக்கமும் கல் அடுக்கி, அதன் மேல் அண்டாவை வரிசையாக ஏற்றுவது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் மேற்குப் பக்கம் தகரம் கட்ட மறக்கக்கூடாது; கட்டாவிட்டால் தணல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அண்டாவின் பாதி கருகும், பாதி வேகாது. பற்றவைக்கத் தென்னை மட்டையும் தேங்காய்த் தொட்டியும், நின்று எரிய வெள்வேல், புளி, வேலிக்காத்தான் கட்டை. வெட்டி ஆறு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகு சூட்டில் ஒரு பகுதியைத் தன் தண்ணீரை விரட்டவே செலவழிக்கும், புகையும் சாப்பாட்டில் இறங்கும்.

கெடா விருந்தில் விறகு ஜெயிப்பது, குழம்பு மணிக்கணக்கில் தணலில் கிடக்க வேண்டும் என்பதால். பந்தலும் சுவரும் இல்லாத இடம், காற்றில் கேஸ் தணல் நிற்காது, அவ்வளவு பெரிய அண்டாவை கேஸ் ஸ்டாண்டு தாங்குவதும் கடினம். ஆட்டின் உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் கறி தேறும் என்பதை வைத்து எண்ணிக்கை முடிவு செய்யுங்கள். கெடா விருந்துக்குப் பந்தி மட்டுமே. எலும்பும் குழம்பும் தட்டில் ஏந்தி நின்றுகொண்டு சாப்பிடுகிற பண்டமல்ல.

பாத்திரம்

பித்தளை, அலுமினியம், எவர்சில்வர் மூன்றும் வாடகைக்குக் கிடைக்கும். ஈயம் (வெள்ளீயம்) பூசாத பித்தளையில் புளி பட்டால் செம்பு கரைந்து களிம்பேறும், வாந்தி வரும். உட்புறம் வெள்ளையாக, திட்டு இல்லாமல் இருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பார்த்து வாங்குங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், அதனால் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் ஏற்றக்கூடாது. பாயசத்துக்கும் கேசரிக்கும் பித்தளை உருளிக்கு ஈடு கிடையாது, சூடு சமமாகப் பரவும்.

அலுமினியம் மலிவாக வந்தது 1886-இல் மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் வழி தெரிந்த பிறகு. சூடு கடத்துவதில் நல்லது, சோறு வடிக்க ஏற்றது. புளியையும் மோரையும் அதில் வைத்திருக்காதீர்கள், அரிக்கும். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகு செய்தார். எவர்சில்வர் புளிக்கு அஞ்சாது, ஆனால் அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் சூடு கடத்தாது. மெல்லிய எவர்சில்வர் அண்டாவில் சாம்பார் கொதித்தால் தணல் படும் வட்டம் மட்டும் கருகி அடிப்பிடிக்கும். பரிமாறும் வாளிக்கும் ரசத்துக்கும் எவர்சில்வர், பருப்பு வேகவைக்கக் கனமான அலுமினியம், பாயசத்துக்கு ஈயப் பித்தளை. இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

இலை, தட்டு, கணக்கு

வாழையிலையில் நுனி இலை இனிப்போடு கூடிய முழு விருந்துக்கு, ஏடு டிபனுக்கு. சத்தியமங்கலம், கோபி பக்கம் வரத்து நன்றாக இருக்கும்போது பிரச்சினை இல்லை. ஆனி, ஆடியில் காற்று இலையைக் கிழித்துவிடும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் புது இலை தேறாது, விலையும் ஏறியிருக்கும். பத்து நாள் முன்பே சொல்லி, பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். பஃபேக்கு பாக்குமட்டைத் தட்டு. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் மேசை விரிப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. "இலை மாதிரிதாங்க இருக்கும்" என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

காண்டிராக்ட் இரண்டு வகை. இலைக்கணக்கு என்றால் மளிகை, காய், ஆள், கேஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. எத்தனை இலை என்பதில்தான் சண்டை வரும். பந்தி ஒவ்வொன்றும் உட்கார்ந்ததும் இரு தரப்பிலும் ஒருவர் சேர்ந்து நடந்து எண்ணி நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தச் சண்டை இல்லை. பஃபேக்கு மொத்தத் தட்டை எண்ணிக் கொடுத்து மிச்சத்தை எண்ணி வாங்குவது இன்னும் சுலபம். ஆள்கூலி என்றால் மளிகை உங்களுடையது, மாஸ்டருக்குக் கூலி. செலவு குறையும், மிஞ்சியதும் உங்களுக்கே. ஆனால் விடிகாலை நாலு மணிக்குப் பெருங்காயம் இல்லை என்றால் ஓட வேண்டியது உங்கள் வீட்டு ஆள். மாமன் மச்சான் நாலு பேர் பொறுப்பெடுத்து நிற்கிற குடும்பத்துக்குத்தான் ஆள்கூலியைச் சிபாரிசு செய்வோம்.

எங்கள் தேர்வு

முகூர்த்தக் காலை: பந்தி, தேங்காய்ப்பால் சந்தகையோடு, நுனி இலையில். மாலை வரவேற்பு: நடுவில் போட்ட இரண்டு பஃபே மேசை, எலுமிச்சைச் சந்தகை, பச்சைப்புளி ரசம், ஒப்புட்டு, இரண்டு தோசைக்கல். ஒரு பெரிய கல்லில் மணிக்கு நூறு தோசைக்குக் குறையாமல் வரும். மூன்று மணி நேரத்தில் வரும் 500 பேருக்கு இரண்டு கல் சரியாக இருக்கும். கோவையில் 1950-களில் பிறந்த மாவரைக்கும் கிரைண்டருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்கு முன் ஆட்டுக்கல்லில் இத்தனை மாவு ஆட்டுவது ஓர் ஊரே சேர்ந்து செய்கிற வேலை.

வரவேற்பிலும் பெரியவர்களுக்காக 40 இலை போடக்கூடிய ஒரு சிறு பந்தி தனியாக இருக்கட்டும். தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாத அம்மத்தாவும் அப்பத்தாவும் பஃபே வரிசையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலேயே வண்டி ஏறிவிடுவார்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள். மண்டப வாசலில் "உட்கார்ந்து சாப்பிட இந்தப் பக்கம் வாங்க" என்று அழைத்துப் போக வீட்டு ஆள் ஒருவரை ஏழு மணியிலிருந்து நிறுத்துங்கள். அந்தப் பந்திக்கு 4 சப்ளையர் போதும். சோறும் சாம்பாரும் மேசைப் பாத்திரத்திலிருந்து எடுக்காமல் நேராக அடுப்படியிலிருந்து வரட்டும்.